கை தெரியும் உயரம்

"எந்த உயரத்துல வைக்கணும்?"

"உட்கார்றவங்களுக்கு முகம் தெரியணும். நிக்கிற எனக்குக் கை தெரியணும்."

"கையா? எல்லாரும் முகம் தெரியணும்னுதான் கேட்பாங்க."

"என் முகம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? முடி வெட்டுறது கைதானே."

"அப்போ கையைத் தூக்கிக் காட்டுங்க. அளக்கணும்."

காட்டினேன். அளந்தார், சுவரில் பென்சிலால் கோடு போட்டார், மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் டேப்பை இழுத்தபோது கேட்டேன்.

"சுவர் வளர்ந்துடுச்சா?"

"இல்ல. நீங்க கையை இறக்கிடுவீங்களோன்னு பார்த்தேன்."

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. நான் அப்போதுதான் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டும் கடை ஒன்றைத் திறந்திருந்தேன். அவர் அதற்குக் கண்ணாடி மாட்ட வந்தவர். அடுத்த எட்டாவது மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

இன்று காலை அதே மனிதர், பாதி டம்ளர் டீயை என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"கடைக் கண்ணாடியை இன்னிக்குக் கழட்டிடறேன். ஒன்னாம் தேதிக்குள்ள கடையைக் காலி பண்ணித் தர்றதா சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டீங்க?"

"உன்னைக் கேட்கலாம்னுதான் இருந்தேன். நீ தூங்கிட்டிருந்தே."

"பத்து மாசமாவா தூங்கிட்டிருந்தேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நன்றாக முறைத்திருக்க வேண்டும். முடியவில்லை. என் கையில் டம்ளர் இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுத்தால் கை எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. டம்ளரை மேஜைக்குக் கொண்டுபோய், அடி பதிந்ததைப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அப்புறம் நிமிர்ந்தேன். அதற்குள் அவர் செருப்பு மாட்டப் போயிருந்தார். கோபப்படுவதற்குக்கூட முன்னேற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது என் வாழ்க்கையில்.

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள். தொட்டுவிடுவீர்கள். கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்றெல்லாம் உடம்பு தானாகவே உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறது. காதில் விழாத பேச்சு அது. அப்படி ஒன்று இருப்பதே அது நின்றுபோகும்வரை எனக்குத் தெரியாது.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை விழித்தால், போர்வைமேல் யாருடைய கையோ கிடந்தது. எரிச்சலோடு தள்ளினேன். என் தோளும் சேர்ந்து புரண்டது. அது என் கை.

கை கால்களில் பலம் அப்படியே இருந்தது. பரிசோதித்த டாக்டரின் விரலை நான் பிடித்த பிடியில் அவரே முகம் சுளித்தார். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, என் கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்தார்.

"மேலேயா, கீழேயா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போது அறையின் மூலையிலிருந்து ஒரு இருமல் வந்தது. "மேலே" என்றேன். அடுத்த தடவை இருமல் இல்லை. "கீழே" என்றேன். இப்படி ஆறு கேள்விக்கு ஆறும் சரி. டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "சார், பரீட்சை உங்க மனைவிக்கு. நீங்க வெளியே நில்லுங்க."

அவர் வெளியே போனபிறகு, ஆறில் நான்கு தப்பு.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். தசை நன்றாக இருக்கிறது, தகவல் சொல்லும் நரம்புகள்தான் கெட்டுவிட்டன. மெல்லத் தொட்டால் தெரியாது, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்றும் தெரியாது. வலியும் சூடும் வேறு நரம்பு வழியாகப் போவதால் அவை தப்பித்தன. இனிமேல் கண்தான் எல்லாம், பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அதில் "தொட்டால் தெரியாது" என்பதோடு காதை மூடிக்கொண்டார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது.

பழகினேன். காலைப் பார்த்தால் நடப்பேன். கையைப் பார்த்தால் சாப்பிடுவேன். மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே துணி மாதிரி சரிவேன். தெருவில் குனிந்தே நடக்கிறேன். முன்பெல்லாம் கடை வாசலில் நின்று வாயடிப்பவள் இப்போது எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் என்று பக்கத்துத் தையற்கடைக்காரர் மெச்சினாராம். அடக்கமாம். நிமிர்ந்தால் சாக்கடையில் விழுவேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா அடுத்த மாடியில் இருக்கிறார். எனக்கு அண்ணி. பெரிய மனசும் பெரிய வாயும் உள்ளவர். முதல் மாதத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பார்த்தா நடக்கிறா, பார்க்கலேன்னா விழறா. இது என்னடா வியாதி? நான்கூடப் பார்க்காம நடந்தா விழத்தான் செய்வேன்."

"அக்கா, சும்மா இரு."

"சும்மாதான்டா இருக்கேன். சமைச்சது யாரு, துவைச்சது யாரு? சும்மா இருக்கிற நான்தானே."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. அந்தச் சோற்றை நான்தானே தின்றேன்.

இரண்டாவது மாதம்தான் அந்த விபத்து நடந்தது. குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சீப்பை எடுக்கக் கையை நீட்டினேன். வெளியிலிருந்து அண்ணி ஏதோ கேட்டார். கதவுப் பக்கம் திரும்பினேன். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடி நொறுங்கியது. உள்ளங்கையில் ஐந்து தையல்.

அன்று மாலையே என் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வீட்டில் மிச்சமிருந்த இரண்டு கண்ணாடிகளையும் கழட்டினார். பீரோக் கதவில் பதித்திருந்ததைக்கூட விடவில்லை. ஒவ்வொரு கண்ணாடியும் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மிஞ்சின. ஊரெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் வீட்டில் முகம் பார்க்க ஒரு சில்லு கிடையாது.

அவர் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று யாருக்காவது புரியுமா? சொந்தக் கடைக்கு முன்னால் வேலை பழகியதையும் சேர்த்துப் பதினான்கு வருஷம் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் கையை ஓட்டியிருக்கிறேன். இடது வலது மாறித் தெரிவது எனக்குப் பழக்கம். என் தலைக்கு மேலே கை போனால் அதைக் காட்டக் கண்ணாடியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு, "இனிமே உனக்கு ஒன்னும் ஆகாது" என்று என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் கண் கலங்கினார். கலங்கின கண்ணுக்கு முன்னால் எப்படிக் கத்துவது? வாயை மூடிக்கொண்டேன். எட்டு மாதமாக அண்ணி எனக்குத் தலை சீவுகிறார். ஊருக்கெல்லாம் வகிடு எடுத்தவள் கோணல் வகிட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது.

ஒரு நாள் சமையலறையில் தும்மல் வந்தது. தும்மினால் கண் மூடும், கண் மூடினால் உடம்பு போய்விடும். சரியும்போதே கண்ணைத் திறந்துவிட்டேன். அவர் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கால்களைப் பார்த்தேன். அவை பின்னால் போயின.

ஒரே ஒரு அடிதான். அடுத்த நொடி பாய்ந்து வந்தார், தூக்கினார், தண்ணீர் கொடுத்தார், அடி பட்டதா என்று நூறு தடவை கேட்டார். ஆனால் முதலில் பின்னால்தான் போனார்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. கண்ணாடித் தகடு கை நழுவினால் பிடிக்காதே, விலகிக்கொள். பிடிக்கப் போனவன் மணிக்கட்டு போய்விடும். பதினெட்டு வருஷம் அவர் கால்கள் அப்படித்தான் பழகியிருக்கின்றன. தெரிந்தும் வயிறு எரிந்தது. அவர் கால்கள் அவர் யோசிக்காமலே வேலை செய்கின்றன, என் கால்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தப் பொறாமை ஒரு பக்கம். விழுகிற நானும் கண்ணாடியும் அவருக்கு ஒன்றாகிவிட்டோமே என்பது மறு பக்கம்.

அன்றிலிருந்து அவர் என்னைத் தொடும் விதம் மாறியது. எழுப்பினால் இரண்டு முழங்கைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, செங்குத்தாக. கண்ணாடியைப் படுக்க வைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே உடையுமாம், அதனால் நிறுத்திவைத்துத்தான் தூக்குவார்கள். என்னையும் நிறுத்திவைத்துத் தூக்கினார், சாய்த்து வைத்தார், கையை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்ற ரோஷத்தில் தொண்டையிலேயே வைத்திருந்தேன்.

"நானும் கடைக்கு வர்றேன்," என்றேன் இன்று காலை.

"தரை வழுக்கும்மா. கண்ணாடி வேலை நடக்கும்."

"என் கடைத் தரை எங்கே வழுக்கும்னு உங்களைவிட எனக்குத் தெரியும்."

இரண்டு தெரு. ஒவ்வொரு அடியாகப் பார்த்து நடந்தேன். அவர் ஒரு பக்கமும், காலி அட்டைப் பெட்டிகளோடு அண்ணி ஒரு பக்கமும். "இவ போற வேகத்துக்கு ஒன்னாம் தேதி தாண்டிடும்," என்றார் அண்ணி, யாரிடமும் அல்லாமல்.

ஷட்டரைத் தூக்கியதும் அடைந்துகிடந்த ஷாம்பு வாசனை வந்தது. நாற்காலிமேல் தூசி. சுவரில் அந்தப் பெரிய கண்ணாடி. அவர் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டித் தூக்கும் உறிஞ்சுபிடியைத் துடைத்து, மேல் பக்கத்துக் கிளிப் ஒன்றைக் கழட்ட ஆரம்பித்தார். அண்ணி சீப்பு, தலைக் கிளிப், துண்டு என்று ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட ஆரம்பித்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எட்டு மாதத்துக்கு அப்புறம் என்னை முழுசாகப் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை, பழக்கதோஷம். கைகளைத்தான் பார்த்தேன். மடியில் இரண்டும் இருந்தன. வலது கையைத் தூக்கினேன். கண்ணாடியில் அது கிளம்பி, நான் நினைத்த உயரத்தில் வந்து நின்றது. எனக்குள்ளே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அங்கே தெரிந்தது. அலமாரியிலிருந்து வால் சீப்பை எடுத்தேன். பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு அவிழ்த்தேன். அண்ணி எடுத்த கோணல் வகிட்டைக் கலைத்து, நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பில் நேராக எடுத்தேன்.

பின்னால் ஒரு பெட்டி தரையில் விழுந்த சத்தம்.

"அடிப்பாவி," என்றார் அண்ணி. "இவ்வளவு நல்லா வருதே. எட்டு மாசமா எங்கிட்ட தலையைக் கொடுத்துட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தியே. என் முழங்கால் வலி உனக்குத் தெரியுமா? டேய், பாருடா இதை. நான் சொன்னா நம்புனியா நீ?"

பேசிக்கொண்டே எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார். கண்ணாடி மறைந்தது. சீப்போடு இருந்த கை எங்கேயோ போனது. காதுக்குப் பின்னால் சுரீரென்று வலித்தபோதுதான், சீப்பின் கூர்வால் அங்கே குத்தியிருப்பது தெரிந்தது. சீப்பு விழுந்தது. கை அந்தரத்தில் அலைந்து அண்ணியின் தோளில் ஒரு அடி போட்டது. நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அண்ணி என் முகத்தையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவா?" என்றார்.

"இதுதான்."

மெதுவாக நகர்ந்து நின்றார். கண்ணாடியில் கை தெரிந்தது. அதை மடிக்குக் கொண்டுவந்தேன்.

"நகர்ந்து நில்லுங்கன்னு சொல்ல வேண்டியதுதானேடி."

"நீங்க பேசி முடிச்சாத்தானே அண்ணி நான் சொல்றது?"

அண்ணி குனிந்து சீப்பை எடுத்து, தன் முந்தானையில் துடைத்து, பெட்டியில் போடாமல் அலமாரியிலேயே வைத்தார். என் காதுக்குப் பின்னால் கசிந்த ரத்தத்தைத் துண்டால் ஒற்றினார். "பெட்டி பத்தாது. நான் போய் வாங்கிட்டு வர்றேன்," என்றார். நான்கு பெட்டிகள் காலியாகத்தான் இருந்தன. போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ஏணியின் இரண்டாவது படியில், கழட்டிய கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அதைத் திரும்ப மாட்டுங்க," என்றேன்.

"கண்ணாடி உடைஞ்சு உன் கை கிழிஞ்சதை நான் பார்த்தேன்மா."

"கையிலிருந்து கண்ணை எடுத்தேன், அதனால கிழிஞ்சது. கண்ணாடி என்ன பண்ணும்? நீங்க என்னைக் கேட்டீங்களா? இருமி இருமி டாக்டர்கிட்ட பதில் சொன்ன மாதிரி, எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லிட்டீங்க. வீட்டுக் கண்ணாடிக்கு, கடைக்கு, எல்லாத்துக்கும்."

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கு நல்லது எதுன்னு என்கிட்ட கேட்டா வாய் சுளுக்கிக்குமா?"

அவர் இறங்கினார். கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவருக்குத் தரையைப் பார்க்க என்ன தேவை? நன்றாக நடக்கத் தெரிந்தவர்.

"அன்னிக்கு சமையலறையில," என்று ஆரம்பித்தார்.

"பின்னால போனீங்க."

"பார்த்தியா நீ?"

"வேற எதைப் பார்க்கப் போறேன்? என் கண்ணு எப்பவும் தரையிலதானே இருக்கு."

அவர் கையுறை போட்ட கையால் நெற்றியைத் தேய்த்தார். "கால் தானா போயிடுச்சு. நான் போகலை. உன்னைத் தூக்க வரும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருது. இந்தக் காலை நம்பி உன்னை எப்படித் தாங்குவேன்னு தோணுது."

"அதுக்காகத் தொடாமலே இருந்துடுவீங்களா?"

"உனக்குத்தான் தொட்டாலே தெரியாதுன்னாரே டாக்டர்." என்றார். "உனக்குத் தெரியாதப்போ நான் கட்டிப்பிடிச்சா, அது எனக்காக மட்டும் செய்ற மாதிரி இருக்கும். அது தப்பில்லையா?"

இதையா இந்த மனிதர் பத்து மாதமாக மனசில் வைத்துக்கொண்டு, என்னைத் தூக்கித் தூக்கிச் சுவரில் சாய்த்திருக்கிறார்? பாதி கேட்டுவிட்டு எழுந்துபோகிற ஆளைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு. நாற்காலிக் கைப்பிடியை அடிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடியில் கையைப் பார்த்து, தூக்கி, குறி பார்த்து அடித்தேன். நன்றாகவே விழுந்தது. வலித்தது.

"சூடு தெரியும்ங்க," என்றேன். "டாக்டர் அதையும்தான் சொன்னார். காலையில பட்டறைக்குப் போய்ட்டு வந்து என்னை எழுப்பினா உங்க கை ஜில்லுன்னு இருக்கும், கண்ணாடி தூக்கியிருக்கீங்கன்னு தெரியும். டீ டம்ளரை வச்சுட்டு வந்தா வலது கை மட்டும் சுடும். பத்து மாசமா உங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதையும் ரெண்டு நொடியில எடுத்துக்கிட்டீங்க."

அவர் கையுறை போட்ட தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

நான் எழுந்தேன். கண்ணாடியில் கால்களைப் பார்த்து, கைகளைப் பார்த்து, நாற்காலியைச் சுற்றி வந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே நின்று கையைத் தூக்கிக் காட்டினேனோ அங்கே நின்றேன். என் கை இன்னும் அதே உயரத்தில்தான் தெரிந்தது. மூன்று தடவை அளந்தவர் இல்லையா. கோபம் குறையவில்லை. அது குறைவதற்காக இத்தனை நாள் காத்திருந்ததுதான் நான் செய்த தப்பு. கோபத்தோடேயே கேட்டேன்.

"அந்தக் கையுறையைக் கழட்டுங்க. இந்தக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. என்னைக் கட்டிப்பிடிங்க, இறுக்கமா. உங்க முதுகுல என் கை எங்கே இருக்குன்னு நான் பார்க்கணும்."